வழிக்கொம்பு

நெஸ்டர் அழுத அழுகையில் டெக்லாவின் தோள்பட்டைத் துணி நனைந்துவிட்டது. ஆறடி மனுஷன், நாற்பதைத் தொடப்போகிறவன், கூட்டத்துக்கு நடுவில் பெஞ்சுகளைத் தாண்டிக்கொண்டு வந்து அண்ணன் பெண்டாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"மதினி, நான் நம்பலாமா? எல்லாத்தையும் நம்பலாமா?"

டெக்லாவுக்கு இது புதுசா என்ன? ஜெபக்கூட்டம் என்றால் பிரசங்கம் முடிகிற நேரத்தில் யாராவது ஒருத்தருக்கு மனசு உடையும். உடைந்தவர், தான் தப்புச் செய்த ஆளையோ பக்கத்தில் இருக்கிற ஆளையோ கட்டிக்கொண்டு நம்பலாமா என்று கேட்பார். என்ன பாவம், எப்போது செய்தது என்று துருவுகிற வழக்கம் எங்கள் ஆற்றங்கரை ஊரில் இல்லை. கேட்கப்பட்டவர் மன்னிப்பு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். அதையும் மனசுக்குள் நினைத்தால் போதாது. மனுஷன் வாயால், மனுஷன் காதில் விழச் சொல்ல வேண்டும். மரம் வெட்டுகிறவர்களுக்கும் மாடு கறக்கிறவர்களுக்கும், ஒருதரம் அக்கரையிலிருந்து காப்பிக்கொட்டை கடத்தி வந்தவனுக்கும் டெக்லா அதைச் சொல்லியிருக்கிறாள். கொழுந்தனுக்கும் சொன்னாள்.

"நம்பு நெஸ்டர். உன் பாவமெல்லாம் இயேசுவோட நாமத்துலயும் ரத்தத்துலயும் மன்னிச்சாச்சு. நம்பி நிம்மதியா இரு."

சொல்லும்போதே, அடுப்பில் காப்பி பொங்குகிறதா என்று ஒரு கண் அந்தப் பக்கம் போனது. மறைப்பானேன், போனதுதான். வீட்டில் கூட்டம் வைத்திருக்கிறாள், ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது, பால்கட்டித் துண்டு எல்லோருக்கும் காணுமா என்கிற கவலை அவளுக்கு.

மறுநாளிலிருந்து நெஸ்டர் வேறு ஆள். டெக்லாவின் புருஷன் வல்ஃப்ரிட் ஆற்றோடு போன பிறகு, கல்யாணமும் செய்துகொள்ளாமல் இந்த வீட்டு நிலத்தையும் மாடுகளையும் கட்டிக்கொண்டு மாரடித்தவன் அவன்தான். ஆனால் வீட்டுக்குள் ஒரு பெருமூச்சுதான் நடமாடுகிற மாதிரி இருக்கும். தட்டில் வைத்ததைப் பாதியில் தள்ளிவிடுவான். இப்போது பார்லி ரொட்டியை அடுக்கிவைத்துத் தின்றான். உப்புமீன் இன்னொரு துண்டு கேட்டான். தொழுவத்தில் மன்சிக்கி என்கிற செவலைப் பசுவுக்கு முன்னால் நின்று பாட்டுப் பாடினான்.

டெக்லாவின் மகள் சைமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, சித்தப்பாவுக்கு என்னாச்சு? எங்கயாவது பொண்ணு கிண்ணு பாத்துட்டாரா?"

"சும்மா இருடி. மனுஷன் இப்பத்தான் சிரிக்கிறான், அதுக்கும் கண்ணு வைக்காத."

அந்தப் பாட்டுக் குரல் கேட்டபோது மட்டும் டெக்லா பால்வாளியைக் கீழே வைத்துவிட்டாள். அப்படியே வல்ஃப்ரிட்டின் குரல். அவன் வாயைத் திறக்காமலே இத்தனை வருஷம் கிடந்ததில், அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

ஏப்ரல் கடைசியில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஆற்றின் மேல் பனிப்பாளம் சாம்பல் நிறத்துக்கு மாறும் காலம். இக்கரையில் ஸ்வீடன், அக்கரையில் பின்லாந்து. குளிர்காலம் முழுக்க ஆற்றின் மேல்தான் பாதை. உறைந்த ஆற்றில் பாதை எது, பள்ளம் எது என்று இருட்டிலும் பனிமூட்டத்திலும் எப்படித் தெரியும்? இரண்டு பக்கமும் தேவதாருக் கொம்புகளை நட்டுவைப்பார்கள். கொம்பு நிற்கிறவரை குதிரையை நம்பி விடலாம். பாளம் இளக ஆரம்பித்தால் கொம்பைப் பிடுங்கிவிட வேண்டும். கொம்பு இல்லையென்றால் பாதை இல்லை, சுற்றிக்கொண்டு பாலத்துக்குப் போ என்று அர்த்தம். நடுவதும் பிடுங்குவதும் வல்ஃப்ரிட் வீட்டுப் பொறுப்பு.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நெஸ்டர், "சாப்ட்டுட்டுப் போயி கொம்பெல்லாம் புடுங்கிரப் போறேன் மதினி" என்றான்.

"அதுக்குள்ளயா? இன்னும் ஒரு வாரம் ஐஸு குதிரை தாங்கும்னு பக்கத்து வீட்டு ஹுல்தா புருஷன் சொல்றாரே."

"தாங்கட்டும். ஒரு வாரம் எல்லாரும் சுத்திப் போகட்டும், கால் ஒண்ணும் தேஞ்சிராது. இந்த ஜென்மத்துல இனி நான் பிந்திப் புடுங்க மாட்டேன். ஒரு தடவ பிந்துனது போதாதா?"

"எந்தத் தடவ?"

நெஸ்டர் உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே சிரித்தான். "என்ன மதினி, தெரியாத மாதிரி கேக்குறீங்க? அன்னிக்குக் கூட்டத்துல உங்களத்தான கட்டிப் புடிச்சுக் கேட்டேன்? நீங்கதான நம்புன்னு சொன்னீங்க?"

"நீ எதக் கேட்ட?"

அப்போதுதான் அவன் தலையை நிமிர்த்தினான். அவனுக்கும் பாவம், அது இப்போதுதான் உறைத்தது. தான் அழுத அழுகையிலேயே மதினிக்கு எல்லாம் விளங்கியிருக்கும் என்று நினைத்திருக்கிறான், மடையன்.

"அண்ணன் போன அந்தச் சனிக்கிழம" என்றான். "நான் பாதிதான் புடுங்குனேன் மதினி. நம்ம கரையிலேருந்து நடு ஆறு வரைக்கும். அக்கரைப் பாதி அப்படியே நின்னுச்சு."

டெக்லா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மழையும் பனியுமா ஊத்துச்சு. கை வெறைச்சுப் போச்சு. குளிக்கச் சவுனா வேற காஞ்சிருந்துச்சு. மறுநா ஞாயித்துக்கெழம, கை வைக்கக் கூடாது, திங்கக்கெழம பாத்துக்கலாம்னு வந்துட்டேன். அக்கரையில மரம் வெட்டப் போன அண்ணன் அன்னிக்கே காட்டுலேருந்து கெளம்புவாருன்னு யாரு கண்டா? ஓய்வுநாள் பொறக்கிறதுக்குள்ள வீடு வந்து சேரணும்னு வந்திருக்காரு. அந்தக் கரையில கொம்பு நிக்கிறதப் பாத்துத்தான் நம்ம குதிர ருஸ்கோவ எறக்கிருக்காரு. நடுவுக்கு வந்தப்புறம் கொம்பு இல்ல. இருட்டிருச்சு…"

"தேடப் போனவங்க கொம்பே இல்லன்னுல்ல சொன்னாங்க?"

"தேடப் போனப்ப முன்னால ஓடுனது நான்தான மதினி." அவன் குரல் இறங்கிப்போனது. "வழியிலேயே புடுங்கி, இழுத்துட்டுப் போன சறுக்குவண்டியில போட்டுக்கிட்டேன். லாந்தர் பின்னாலதான் வந்துச்சு. யாரும் பாக்கல."

நான் சொல்வது புரிய வேண்டுமென்றால் ஊர் என்ன பேசியது என்று தெரிய வேண்டும். கொம்பில்லாத ஆற்றில் குதிரையை இறக்குகிறவன் ஒன்று பைத்தியம், இல்லை குடிகாரன். வல்ஃப்ரிட் பைத்தியமில்லை. அப்படியென்றால் மரம்வெட்டிகளின் கொட்டகையில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. விசுவாசி என்று பேர் வாங்கியவன் குடித்துச் செத்தான்! பள்ளிக்கூடத்தில் சைமியைப் பார்த்து ஒரு பையன் தள்ளாடி நடந்து காட்டினான். ஊரைக் குறை சொல்லி என்ன, டெக்லாவே நம்பினாள். ஜூன் மாசம் கீழ்த்துறையில் உடம்பு ஒதுங்கியபோது அவன் கையைக்கூடத் தொடவில்லை அவள். பிள்ளையை நினைத்தானா, என்னை நினைத்தானா என்ற கோபம். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை வழிப்போக்கன் ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்தாள். கல்லறையில் ஒரு பூச்செடி வைக்கவில்லை. "உங்கப்பா யார் பேச்சையும் கேக்காத மனுஷன்" என்று சொல்லிச் சொல்லித்தான் மகளை வளர்த்தாள்.

டெக்லா எழுந்தாள். நெஸ்டரின் முன்னால் இருந்த தட்டை, மீனும் கிழங்குமாக, எடுத்துக்கொண்டுபோய் நாய்க்குக் கொட்டினாள். திரும்பி வந்து, "அந்த வார்த்தயத் திருப்பிக் குடு" என்றாள்.

"மதினி…"

"நான் இதுக்குச் சொல்லல. என்னமோ எல்லாருக்கும் சொல்ற மாதிரி சொன்னேன். எனக்குத் தெரியாது. திருப்பிக் குடு."

"அது எப்படி மதினி குடுக்க முடியும்? நான் நம்பிட்டேனே." அவன் முகம் வெளுத்துவிட்டது. "இத்தன வருஷத்துல இந்த ரெண்டு வாரந்தான் தூங்கியிருக்கேன்."

அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இவன் தூங்குகிறான். அவளுக்கு அன்று இரவு மட்டுமல்ல, அதற்கடுத்த இரவும் கண் மூடவில்லை.

பிரசங்கியார் ஈசாக்கு ஆற்றங்கரைக் கொட்டகையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். பிரசங்கியார் என்றால் அங்கி போட்டவர் என்று நினைக்க வேண்டாம். மீன் பிடிக்கிறவர், முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டைக்காரர்.

"ஈசாக்கண்ணே, தெரியாமச் சொன்ன வார்த்த செல்லுமா?"

"என்ன வார்த்தம்மா?"

"மன்னிப்பு. எதுக்குன்னு தெரியாமச் சொல்லிட்டேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

யார், எது என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. "உன் சொந்த வார்த்தயாம்மா அது? உன் வாய் வழியாப் போச்சு, அவ்வளவுதான். தபால்காரன் கடுதாசியப் படிச்சுப் பாத்துட்டா குடுக்கிறான்?"

"எனக்கு வந்த கடுதாசி அண்ணே. அத நான் படிக்காமலே அவன் கையில குடுத்துட்டேன்."

ஈசாக்கு ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு, "பூமியில அவுத்தது பரலோகத்துலயும் அவுந்தாச்சு. மறுபடி கட்ட உனக்கும் முடியாது, எனக்கும் முடியாது" என்றார்.

"சரி, அவுந்ததாவே இருக்கட்டும். அவன் ஊரு முன்னால எந்திரிச்சு நின்னு அதச் சொல்லட்டும். செத்தவங்க பேரு ஒண்ணு அதுல மாட்டிக்கிட்டுக் கெடக்கு."

"அதுவும் கூடாதும்மா. மன்னிச்ச பாவம் கிருபைக் கடலோட அடியில போயிருச்சு. அங்க தூண்டில் போட யாருக்கும் உரிமையில்ல."

"எங்க வீட்டுக்காரர் கெடந்தது கடல்ல இல்லண்ணே" என்றாள் டெக்லா. "ஆத்துல."

ஈசாக்கின் வலையூசி நின்றுவிட்டது. கிழவர் அவளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய?

"எனக்கு வேற சொல்லத் தெரியலையேம்மா" என்றார் கடைசியில். "வேணும்னா உனக்கு அந்த வார்த்தயச் சொல்றேன். மனசு ஆறும். கேக்குறியா?"

"எனக்கெதுக்கு? நான் என்ன பாவம் பண்ணேன்?"

விடுவிடென்று வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் பனி இளகிச் சேறு. மன்னிக்கவும் முடியாது, மன்னிக்காமல் இருக்கவும் முடியாது, வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. நல்ல மார்க்கத்தில்தான் வந்து மாட்டிக்கொண்டோம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்கே பயந்தும் போனாள்.

அந்த வாரம் வீட்டில் யாரும் பேசவில்லை. நெஸ்டர் பாடுவதை நிறுத்திவிட்டான். டெக்லா அவனுக்குத் தட்டை மேசையில் வைப்பாள், கையில் கொடுக்க மாட்டாள். சைமி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆறு உடைந்தது. பீரங்கி வெடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டதும் ஊர் முழுக்கக் கரைக்கு ஓடியது. வீட்டளவு பாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புரண்டுகொண்டு கீழே போயின. வருஷா வருஷம் பார்க்கிற காட்சிதான், ஆனாலும் யாராலும் வீட்டில் இருக்க முடியாது. பக்கத்து வீட்டு ஹுல்தா துணிப்பையில் ரொட்டியோடு வந்துவிட்டாள். வருஷா வருஷம் சொல்லுவதையும் கூடவே கொண்டுவந்திருந்தாள்.

"என்ன வேகம் பாத்தியா டெக்லா? ஹூம்… அன்னிக்கு மட்டும் வல்ஃப்ரிட் கொம்பில்லாததப் பாத்துட்டு அந்தக் கரையிலயே நின்னிருந்தா, இன்னிக்கு நம்மகூட நின்னு வேடிக்க பாத்துக்கிட்டிருப்பாரு."

டெக்லா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொம்பு இருந்துச்சு ஹுல்தா."

நெஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "அக்கரைப் பாதியில இருந்துச்சு. நான்தான் புடுங்கல. அவரு கொம்பப் பாத்துத்தான் எறங்குனாரு. தேடப் போனப்ப நான்தான் புடுங்கிப்போட்டேன்."

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். ஹுல்தா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியா டெக்லா, இவன் மனச! அண்ணன் பேரு கெடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறான். இப்படி ஒரு கொழுந்தன் யாருக்குக் கெடைப்பான்?"

"நெசமாத்தான் சொல்றேன். நான்தான்" என்றான் நெஸ்டர், சத்தமாக.

"சரிப்பா, சரி. நீதான்" என்று ஹுல்தாவின் புருஷன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அவன் மேல உனக்கு எம்புட்டுப் பிரியம்னு எங்களுக்குத் தெரியாதா?"

ஈசாக்கு கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தார். அவர் தரையைப் பார்த்தார். நெஸ்டர் டெக்லாவைப் பார்த்தான். ஆமாம், இவன் சொல்வது நிஜம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஊர் நம்பியிருக்கும். அவள் வாயைத் திறந்தாள். இத்தனை நாள் எதற்காகத் துடித்தாளோ அது கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறது, ஆனால் சொல் வரவில்லை. தொப்பியைப் பிசைந்துகொண்டு நிற்கிற அந்த மனுஷனைப் பார்க்கச் சகிக்காமல் சைமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பாதித் தூரம் போனதும் சைமி கேட்டாள். "அம்மா, சித்தப்பா சொன்னது நெசமா?"

"கொம்பு இருந்துச்சு. உங்கப்பா வழி பாத்துத்தான் வந்தாரு."

"அப்ப குடிக்கலயா?"

"குடிக்கல."

சைமி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வீடு வருகிறவரை அம்மாவின் கையை விடவும் இல்லை.

சனிக்கிழமை என்பதால், மனசு எப்படிக் கிடந்தாலும் ஆவியில் குளிக்கிற அந்தச் சவுனாவுக்கு நெருப்பு மூட்ட வேண்டும். டெக்லா பிர்ச் மர விறகை அடுக்கினாள், கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள், கல்லெல்லாம் காய்ந்து, அள்ளி ஊற்றினால் சீறுகிற பதம் வருகிறவரை காத்திருந்தாள். பிறகு வழக்கம்போல வெளியே வந்து, ஆற்றுப் பக்கம் பார்த்து நின்று, ஆட்களைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

இதே இடம்தான். அன்றைக்கும் மழையும் பனியுமாக ஊற்றியது. நடு ஆற்றில் நெஸ்டர் ஒரு கட்டுக் கொம்பை அணைத்துக்கொண்டு நின்றான். இவள் இங்கே நின்று கையை வாயருகே குவித்துக் கத்தினாள்: "நெஸ்டர்! சவுனா ஆறிப் போகுது, போதும் வா!" அவன் அக்கரையைக் காட்டி என்னமோ சொன்னான். "நாளன்னிக்குப் பாத்துக்கலாம், வா!" என்று இவள்தான் சொன்னாள். இவளேதான்.

விறகுக் கொட்டகையில், பிடுங்கிப் போட்டிருந்த கொம்புக் குவியலின் மேல் நெஸ்டர் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"அன்னிக்கு நான்தான உன்னக் கூப்பிட்டேன்?"

அவன் குனிந்து கொம்புக் குவியலைப் பார்த்தான்.

"ஏண்டா எங்கிட்டச் சொல்லல? அன்னிக்கு மேசையில வச்சு நான் உன் தட்டப் புடுங்குனப்பகூடச் சொல்லலையே நீ?"

"நீங்க கூப்பிட்டதுக்காக நான் வரல மதினி. குளிருக்காகத்தான் வந்தேன்."

"பொய்."

"பொய்தான்" என்றான் நெஸ்டர்.

டெக்லா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே ஆறு பாளங்களை அரைத்துக்கொண்டு போகிற சத்தம் ஓயாமல் கேட்டது.

"நான் அவரு கையத் தொடல, நெஸ்டர். ஒதுங்கிக் கெடந்தாரு. தொடல. குடிகாரன்னு நெனச்சேன். என் பிள்ளைகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். கூப்பிட்டவ நானு, பழி அவருக்கு." இடுப்பில் கட்டிய வேலைத்துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எனக்கு அந்த வார்த்த வேணும். ஈசாக்கு சொன்னா ஆறாது. உங்கிட்டக் கேக்கல, அவருகிட்டத்தான் கேக்குறேன். அவருக்கு இப்ப வாயில்ல. அவரு தொண்ட உங்கிட்டத்தான் இருக்கு."

"மதினி, நான் எப்படிச் சொல்லுவேன்? அவரக் கொன்னவனே நான்தான்."

"தெரியும். அதுக்குத்தான் உன்னப் பாக்காமத் திரும்பி நிக்கிறேன். சொல்லு."

உண்மையாகவே சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் இதுவரை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள், தனக்காகக் கேட்டதேயில்லை. கேட்கும்போது நாக்கு குழறியது.

"நான் நம்பலாமா?"

அப்புறம் குரல் வந்தது. நடுங்கியது, ஆனால் அவள் கேட்க வேண்டிய குரல்தான் அது. அந்த வீட்டில் அத்தனை வருஷத்தில் நெஸ்டர் ஒருநாளும் பேர் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை.

"நம்பு, டெக்லா. உன் பாவமெல்லாம் இயேசுவோட நாமத்துலயும் ரத்தத்துலயும் மன்னிச்சாச்சு. நம்பி நிம்மதியா இரு, டெக்லா."

அவள் அழுதாள். அவனும் அழுதான். யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நிம்மதி வந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சுமை இறங்கியதா, இல்லை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டதில் கனம் குறைந்ததா, யார் கண்டது. அவள் திரும்பாமலேயே கொட்டகையை விட்டு வெளியேறி, முற்றத்தைத் தாண்டி, புகை வருகிற சவுனா வாசலுக்குப் போனாள். அங்கே நின்று கையை வாயருகே குவித்துக்கொண்டாள். பத்தடியில் இருக்கிறவனுக்கு அத்தனை சத்தம் தேவையில்லை. ஆனால் அவள் அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரித்தான் கூப்பிட்டாள்.

"நெஸ்டர்! சவுனா ஆறிப் போகுது, வா!"